மைன்கிராஃப்டில் மாட் போட எங்கிருந்து ஆரம்பிப்பது? (8 ஜிபி லேப்டாப், 12 வயதுப் பையன்)

செம்பருத்தி கேட்டது:

வணக்கம். என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். ஒன்றரை வருடமாக மைன்கிராஃப்ட் ஆடுகிறான். ஜாவா எடிஷன், காசு கொடுத்து வாங்கியதுதான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கும் பிடித்துப்போய்விட்டது. வீட்டில் ஒரே லேப்டாப் என்பதால் மாறி மாறி ஆடுவோம். போன கோடை விடுமுறையில் இரண்டு பேருமாக ஒரு மலைச்சரிவில் ஏழு வீடு கட்டினோம். அதில் ஒன்றுக்குத் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் கிணறு எல்லாம் உண்டு. அந்தக் கிணற்றுக்கு மட்டும் இரண்டு நாள் ஆனது.

இப்போது அவனுக்கு மாட் வேண்டுமாம், அதாவது விளையாட்டில் புதுப் பொருள்களையும் வசதிகளையும் சேர்க்கும் கூடுதல் கோப்பு. அவன் வகுப்பில் ஒரு பையன் மைன்கிராஃப்டுக்குள் நிஜமான ரயில் ஓட்டுகிறானாம். போன ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் இவனே ஏதோ வீடியோ பார்த்து, தேடலில் முதலில் வந்த ஒரு தளத்திலிருந்து பதினோரு மாட் இறக்கி, ஃபோல்டரில் போட்டுவிட்டான். பக்கம் முழுக்கப் பச்சை நிற டவுன்லோடு பொத்தான்கள் இருந்த தளம். அப்புறம் விளையாட்டு திறக்கவே இல்லை. 'எக்ஸிட் கோட் 1' என்று காட்டி மூடிக்கொண்டது. ஏழு வீடும் போய்விட்டது என்று நினைத்து அழுதுவிட்டான். நான் வந்து அந்தக் கோப்புகளை வெளியே எடுத்த பிறகு வீடுகள் அப்படியே இருந்தன. அதுவரை எனக்கும் உயிர் உயிராக இல்லை.

எனக்குக் கணினியில் டேலியும் எக்செல்லும் நன்றாகத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. ஃபோர்ஜ், ஃபேப்ரிக், நியோஃபோர்ஜ் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இதில் எதை எடுப்பது? பயமில்லாமல் எங்கிருந்து இறக்கலாம்? லேப்டாப்பில் 8 ஜிபி ராம், விண்டோஸ் 11, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, தாங்குமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஏழு வீட்டுக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

---

பட்டறைக்காரன் எழுதியது:

அக்கா, மற்றதைப் படிக்கும் முன்பு ஒரு வேலையை முடித்துவிடுங்கள். லாஞ்சரில் (விளையாட்டைத் திறக்கும் நிரலில்) 'இன்ஸ்டாலேஷன்ஸ்' பக்கத்தில் ஒரு சின்ன ஃபோல்டர் படம் இருக்கும். அதை அழுத்தினால் விளையாட்டின் ஃபோல்டர் திறக்கும். உள்ளே 'சேவ்ஸ்' என்று ஒன்று இருக்கும். உங்கள் ஏழு வீடும் அதற்குள்தான் இருக்கிறது. அதை அப்படியே ஒரு பென் டிரைவில் போட்டு அலமாரியில் வையுங்கள். அன்றைக்கு விளையாட்டு திறக்காமல் போனதே நல்லதாயிற்று. மாட்களோடு திறந்து, அந்த உலகத்துக்குள் போய் நாலு புதுப் பொருளை வைத்து, பிறகு மாட்களை எடுத்திருந்தால், வைத்த பொருள் எல்லாம் காணாமல் போய் அந்த இடங்கள் ஓட்டையாக நிற்கும்.

அடுத்தது, அந்தப் பதினோரு கோப்பையும் அழித்துவிட்டு லேப்டாப்பை ஒருமுறை முழுதாக ஸ்கேன் செய்யுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. மாட் என்பது படமோ பாட்டோ மாதிரி வெறும் கோப்பு இல்லை, அது ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய நிரல். அதை இயக்கினால் உங்கள் கணினியில் நீங்கள் செய்யக்கூடியதை எல்லாம் அதுவும் செய்யும். 2023 ஜூனில், ஒழுங்கான தளமான கர்ஸ்ஃபோர்ஜிலேயே சில கணக்குகள் களவுபோய், அவற்றின் வழியாகக் கெட்ட நிரல் கலந்த மாட்கள் ஏறின. அது கணினியில் இருந்த மற்ற மாட் கோப்புகளுக்குள்ளும் புகுந்து, பிரவுசரில் சேமித்த லாகின் விவரங்களைத் திருடியது. கண்டுபிடித்துச் சில நாளில் அடக்கிவிட்டார்கள். கண்காணிப்பு உள்ள இடத்திலேயே அப்படி என்றால், பச்சைப் பொத்தான் தளங்களில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும். மாட்ரின்த், கர்ஸ்ஃபோர்ஜ் இந்த இரண்டைத் தவிர வேறு இடத்துக்குப் போகவேண்டாம் என்று தம்பியிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லாரும் 'எந்த வெர்ஷன், எந்த லோடர்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். லோடர் என்பது மாட்களை விளையாட்டோடு சேர்த்து ஓட்டும் நிரல்; நீங்கள் கேட்ட ஃபோர்ஜ், ஃபேப்ரிக், நியோஃபோர்ஜ் மூன்றும் அதுதான். நானும் ஐடிஐயில் டர்னர் படித்தபோது 1.7.10இல் அப்படித்தான் ஆரம்பித்தேன். கைக்குக் கிடைத்த அறுபது மாட் போட்டு, ஒன்றையும் உருப்படியாக ஆடாமல் மூன்று மாதம் போனது. உள்ளே போய் என்ன செய்ய ஆசை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தம்பி அதைச் சொல்லிவிட்டான், ரயில் ஓட்டவேண்டும். அப்படியென்றால் உங்களுக்கு வேண்டிய மாட்டின் பெயர் 'கிரியேட்'. அந்த மாட் எந்த வெர்ஷனில், எந்த லோடரில் நன்றாக ஓடுகிறதோ அதுதான் உங்கள் வெர்ஷன், அதுதான் உங்கள் லோடர். உங்களுக்கு 1.20.1, ஃபோர்ஜ். அவ்வளவுதான், அந்தக் குழப்பம் முடிந்தது.

புது வெர்ஷன் வந்துவிட்டதே என்று தம்பி கேட்பான். விளையாட்டு வெர்ஷன் மாறும்போதெல்லாம் உள்ளே இருக்கும் நிரல் மாறுகிறது, மாட் எழுதியவர் மறுபடி உட்கார்ந்து தன் மாட்டைத் திருத்தவேண்டும். பெரும்பாலானவர்கள் வேலை முடித்து வந்து ராத்திரியில் எழுதுபவர்கள். அதனால் சில வெர்ஷன்களில் கூட்டம் தங்கிவிடும். முன்பு 1.7.10, பிறகு 1.12.2, 1.16.5, இப்போது 1.20.1. கூட்டம் இருக்கும் இடத்தில்தான் மாட்களும் இருக்கும், சந்தேகம் கேட்டால் பதிலும் கிடைக்கும்.

லோடரை மரை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மெட்ரிக் மரை போட்ட போல்ட்டில் அங்குல மரை நட்டு ஏறாது. இரண்டும் நல்ல இரும்புதான், ஆனால் சேராது. ஃபோர்ஜ் 2011இலிருந்து இருக்கிறது. ஃபேப்ரிக் 2018இல் வந்தது, எடை குறைவு. நியோஃபோர்ஜ் 2023இல் ஃபோர்ஜிலிருந்து பிரிந்து வந்தது. ஃபேப்ரிக்குக்குச் செய்த மாட்டை ஃபோர்ஜ் ஃபோல்டரில் போட்டால் ஓடாது. தம்பி இறக்கிய பதினொன்றில் இரண்டு வகையும் கலந்திருக்கும், வெர்ஷனும் கலந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பல கோப்புகளின் பெயரிலேயே லோடரும் வெர்ஷனும் எழுதியிருக்கும். பெயரைப் படித்துவிட்டுப் போடும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்துங்கள்.

பிரிசம் லாஞ்சர் என்று ஒன்று இருக்கிறது, இலவசம். அதை நிறுவி, நீங்கள் விளையாட்டு வாங்கிய அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையுங்கள். அதில் 'இன்ஸ்டன்ஸ்' என்று தனித்தனி அறை மாதிரி உருவாக்கலாம். ஒவ்வொரு அறைக்கும் தனி வெர்ஷன், தனி மாட், தனி உலகம். புது இன்ஸ்டன்ஸ் ஒன்றில் 1.20.1 தேர்ந்தெடுத்து, கீழே ஃபோர்ஜ் என்று குறித்தால் அதுவே எல்லாம் இறக்கிக்கொள்ளும். உங்கள் ஏழு வீடு பழைய லாஞ்சரின் ஃபோல்டரில் இருக்கும், இந்த அறையில் என்ன உடைந்தாலும் அங்கே தூசு படாது. மாட்களையும் பிரிசம் உள்ளேயே தேடி இறக்கலாம், பிரவுசரே திறக்க வேண்டாம். ஒரு மாட்டுக்கு வேறொரு துணைக் கோப்பு தேவை என்றால் அதையும் சேர்த்துக் கேட்கும்.

ராம். செட்டிங்கில் ஜாவா பகுதியில் அதிகபட்ச நினைவகம் என்று இருக்கும், 4 ஜிபி வையுங்கள். 8 இருக்கிறதே என்று 6 கொடுக்காதீர்கள். விண்டோஸுக்கு மிச்சம் இல்லாமல் போனால் மொத்த லேப்டாப்பும் திணறும். விளையாடும்போது பிரவுசரை மூடிவிடுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் எம்பீடியம், ஃபெரைட்கோர், மாடர்ன்ஃபிக்ஸ் என்ற மூன்றையும் போடுங்கள். முதலாவது படம் வரைவதை வேகமாக்கும், மற்ற இரண்டும் நினைவகத்தை மிச்சப்படுத்தும். பார்க்கும் தூரத்தை 8 சங்க் (விளையாட்டு நிலத்தைப் பிரிக்கும் துண்டு) அளவில் வையுங்கள். தண்ணீர் மினுங்கும் ஷேடர் எல்லாம் இந்த லேப்டாப்பில் இப்போதைக்கு வேண்டாம்.

ஆட ஆரம்பிக்க கிரியேட், ஜேஇஐ, ஜர்னிமேப் மூன்று போதும். எந்தப் பொருளை எப்படிச் செய்வது என்று திரையோரத்தில் காட்டுவது ஜேஇஐ, அது இல்லாமல் மாட் ஆடவே முடியாது. ஜர்னிமேப் என்பது வரைபடம். முந்நூறு மாட் அடங்கிய பேக் எல்லாம் யூட்யூபில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 8 ஜிபியில் அவை மூச்சுவிடாது, புதிதாக வருபவருக்கு எதைத் தொடுவது என்றும் தெரியாது.

கிரியேட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னை இந்த விளையாட்டில் பிடித்துவைத்தது அதுதான். நான் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். என் தாத்தா காலத்தில் பட்டறைக்கு ஒரே மோட்டார். கூரைக்குக் கீழே நீளமாக ஒரு ஷாஃப்ட் ஓடும், அதிலிருந்து பெல்ட் இறக்கி லேத், டிரில்லிங், அரம் தீட்டும் கல் என்று எல்லாவற்றையும் அந்த ஒரே மோட்டார் ஓட்டும். கிரியேட் அச்சு அசல் அதுதான். மின்சாரம் கிடையாது, மந்திரப் பெட்டி கிடையாது. ஓடும் தண்ணீரில் ஒரு நீர்ச்சக்கரம், அதிலிருந்து ஷாஃப்ட், ஷாஃப்டில் பற்சக்கரம், அந்தப் பக்கம் மாவரைக்கும் கல். எல்லாம் கண்ணெதிரே சுற்றும். எங்கே தடைபட்டது என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

முதல் வேலை ஆண்டசைட் என்ற சாம்பல் கல்லையும் இரும்புத் துணுக்கையும் சேர்த்து ஒரு கலவை செய்வது. ஷாஃப்ட், பற்சக்கரம் எல்லாம் அதிலிருந்துதான். எந்தப் பொருள் புரியவில்லையோ அதன் மேல் மவுஸை வைத்து 'டபிள்யூ' விசையை அழுத்திப் பிடியுங்கள். அந்தப் பொருளை எப்படி வைப்பது, எப்படி ஓடும் என்று சின்னச் சின்னக் காட்சியாக ஓட்டிக் காட்டும். வீடியோ தேடவே வேண்டாம். இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் மாட்டை நான் வேறு பார்த்ததில்லை.

ரயில் உடனே வராது, அதையும் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரயிலுக்குப் பித்தளை வேண்டும். செம்பையும் துத்தநாகத்தையும் சூட்டில் கலந்தால் பித்தளை, நிஜத்தில் எப்படியோ அப்படியே. அந்தச் சூட்டுக்கு விளையாட்டிலேயே இருக்கும் நெதர் என்ற நெருப்பு உலகத்துக்குப் போய் பிளேஸ் என்ற நெருப்பு ஜந்து ஒன்றைப் பிடித்துவந்து அடுப்பில் உட்காரவைக்க வேண்டும். துத்தநாகத் தாது மைன்கிராஃப்டில் கிடையாது, கிரியேட்தான் அதை மண்ணுக்குள் சேர்க்கிறது. ஏற்கெனவே சுற்றிப் பார்த்த இடங்களில் அது முளைக்காது, புதிதாக உருவாகும் நிலத்தில்தான் இருக்கும். பழைய உலகத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு உலகத்தில் தொடங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

---

நிலவன் எழுதியது:

பட்டறைக்காரன் சொன்னதில் எனக்கு ஒரே ஒரு மாற்றுக் கருத்து. இன்றைக்குப் புதிதாக வருபவர்களை நான் 1.21.1, நியோஃபோர்ஜ் பக்கம் அனுப்புவேன். கிரியேட் அங்கேயும் இருக்கிறது. படம் வரையும் வேகத்துக்கு சோடியம் மாட்டே நேரடியாக நியோஃபோர்ஜில் ஓடும். ஆனால் செம்பருத்தி அவர்களின் லேப்டாப்புக்கு 1.20.1உம் தப்பில்லை. எதை எடுத்தாலும் ஒன்றிலேயே நில்லுங்கள்.

நான் என் சித்தி பிள்ளைகளுக்காக வீட்டில் ஒரு சின்ன சர்வர் ஓட்டுகிறேன், ஆறு பேர் ஆடுவார்கள். வாரம் ஒருவராவது 'திறக்கவில்லை' என்று கூப்பிடுவதால், உடைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் சொல்கிறேன். 'எக்ஸிட் கோட் 1' என்பதில் ஒன்றும் தெரியாது, ஏதோ தவறு என்பதைத் தவிர. இன்ஸ்டன்ஸ் ஃபோல்டருக்குள் 'கிராஷ் ரிப்போர்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டரும், 'லாக்ஸ்' என்று ஒரு ஃபோல்டரும் இருக்கும். அவற்றில் கடைசிக் கோப்பைத் திறந்து, எந்த மாட்டின் பெயர் வருகிறது என்று பாருங்கள். பாதிக்குப் பாதி நேரம் விடை அங்கேயே இருக்கும்.

கிளாஸ் ஃபைல் வெர்ஷன் என்று ஒரு வரியில் 52, 61, 65 மாதிரி எண்கள் வந்தால் அது ஜாவா பிரச்சினை. 52 என்றால் ஜாவா 8, 61 என்றால் ஜாவா 17, 65 என்றால் ஜாவா 21. மைன்கிராஃப்ட் 1.16.5 வரை ஜாவா 8இல் ஓடும், 1.20.1க்கு 17 வேண்டும், 1.20.5இலிருந்து 21 வேண்டும். புது பிரிசம் தானே சரியான ஜாவாவை இறக்கிக்கொள்வதால் உங்களுக்கு இது வராது. சர்வர் வைக்கும்போதுதான் எல்லாரும் இதில் மாட்டுவார்கள்.

லாக்கிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால், மாட்களில் பாதியை வெளியே எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் குற்றவாளி வெளியே எடுத்த பாதியில் இருக்கிறது, திறக்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் பாதியில். மறுபடி அதில் பாதி. அறுபத்து நாலு மாட் இருந்தாலும் ஆறு முறையில் பிடித்துவிடலாம். புது மாட் போடும்போது ஒவ்வொன்றாகப் போட்டுத் திறந்து பார்த்தால் இந்த வேலையே வராது.

இன்னொன்று. பிற்பாடு இரண்டு லேப்டாப் வந்து நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஆட நினைத்தால் இரண்டு கணக்கு வேண்டும். இரண்டு பக்கமும் அதே மாட், அதே வெர்ஷன் இருக்கவேண்டும். சோடியம், எம்பீடியம் மாதிரி படம் வரையும் மாட்கள் மட்டும் அவரவர் விருப்பம்.

---

தேன்சிட்டு எழுதியது:

நான் கணினி ஆசிரியர். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் 4 ஜிபி ராம் உள்ள பழைய கணினிகள்தான், எல்லாப் பிள்ளைக்கும் விளையாட்டு வாங்கவும் வழியில்லை. அதனால் நான் வேறு வழியில் போனேன், யாருக்காவது பயன்படலாம். லுவான்டி என்று ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபர் வரை அதன் பெயர் மைன்டெஸ்ட். பின்லாந்துக்காரர் பெர்ட்டு அஹோலா 2010இல் தொடங்கியது. முழுக்க இலவசம், மூலநிரலும் திறந்தது. பழைய கணினியிலும் ஆண்ட்ராய்டு ஃபோனிலும் ஓடும்.

அதை நிறுவியதும் ஒரு வெறும் மேடைதான் கிடைக்கும், அதன் மேல் என்ன விளையாட்டு வேண்டும் என்று உள்ளேயே தேர்ந்தெடுக்கலாம். மைன்கிராஃப்ட் பழகிய பிள்ளைகளுக்கு வாக்ஸலிப்ரே அப்படியே பழகிய இடம் மாதிரி இருக்கும். அங்கே மாட் என்பது தனியாக ஒட்டவைத்த சமாசாரம் இல்லை, எல்லாமே மாட்தான். லோடர் சண்டை கிடையாது. சர்வரில் மாட் போட்டால் போதும், சேரும் பிள்ளைகளுக்கு வேண்டியது தானாகவே போய்ச் சேரும்.

எனக்கு அதில் பிடித்தது வேறு. லுவா என்ற எளிய மொழியில் பத்து வரி எழுதினால் ஒரு புதுக் கட்டை பிறந்துவிடும். போன வருடம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அம்மிக்கல் செய்தாள். பதினாறுக்குப் பதினாறு புள்ளியில் அவளே படம் வரைந்து, அதற்கு ஒரு பெயர் கொடுத்து, தட்டினால் சத்தம் வரும்படி எழுதினாள். அன்று மணி அடித்த பிறகும் அந்த வகுப்பு எழுந்து போகவில்லை.

செம்பருத்தி அவர்களுக்கு: உங்கள் மகன் கேட்பது கிரியேட் ரயில், அது லுவான்டியில் கிடையாது. அவன் ஆசைப்பட்டதையே கொடுங்கள். ஆனால் 'நானே ஒரு மாட் செய்யவேண்டும்' என்று ஒருநாள் சொல்வான், அன்றைக்கு இது நினைவில் இருக்கட்டும்.

---

செம்பருத்தி எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. பட்டறைக்காரன் தம்பி சொன்ன வரிசையிலேயே செய்தேன். சேவ்ஸ் ஃபோல்டரைப் பென் டிரைவில் ஏற்றி, அதன் மேல் 'ஏழு வீடு' என்று பேப்பர் ஒட்டி வைத்துவிட்டேன். பிரிசம் இறக்கி எல்லாம் முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஆறு மாட், ஒவ்வொன்றாகப் போட்டுத் திறந்து பார்த்தோம். முதல் தடவை திறக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தது, உறைந்துவிட்டதோ என்று பயந்தேன், பிறகு வந்துவிட்டது.

இப்போது ஒரு சிக்கல். ஆற்றோரமாக நீர்ச்சக்கரம் ஒன்று வைத்தோம். அதிலிருந்து ஷாஃப்ட் இழுத்து, ஐந்து மாவரைக்கும் கல் வரிசையாக வைத்தான். நன்றாக ஓடியது, கோதுமை போட்டால் மாவு வந்தது. மெதுவாக அரைக்கிறது என்று சொல்லி, நடுவில் பெரிய பற்சக்கரம் ஒன்று, சின்னது ஒன்று வைத்து வேகத்தைக் கூட்டினான். ஒரு நொடியில் மொத்தமும் நின்றுவிட்டது. நீர்ச்சக்கரம்கூடச் சுற்றவில்லை. ஒன்றும் உடைந்ததாகத் தெரியவில்லை. விளையாட்டு கெட்டுவிட்டதா?

---

பட்டறைக்காரன் எழுதியது:

கெடவில்லை அக்கா. மோட்டார் டிரிப் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். பையன் சரியான இடத்துக்கு வந்துவிட்டான், கிரியேட் ஆடுகிற ஒவ்வொருவரும் இந்த இடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

கணக்கு இது. உங்கள் நீர்ச்சக்கரம் நிமிடத்துக்கு 8 சுற்று சுற்றும், 256 அலகு பாரம் தாங்கும். மாவரைக்கும் கல் ஒவ்வொரு சுற்றுக்கும் 4 அலகு கேட்கும். 8 சுற்றில் ஒரு கல்லுக்கு 32. ஐந்து கல்லுக்கு 160. தாங்கியது. பெரிய பற்சக்கரத்திலிருந்து சின்னதுக்குப் போனதும் வேகம் இரட்டிப்பாகி 16 சுற்று. இப்போது ஒரு கல்லுக்கு 64, ஐந்துக்கு 320. சக்கரம் கொடுப்பதோ அதே 256தான். வேகத்தைக் கூட்டினால் சக்கரத்தின் பலம் கூடாது, கேட்பவர்களின் பசிதான் கூடும். அதனால் மொத்தமும் நின்றுவிட்டது.

இரண்டு வழி இருக்கிறது. வேகம் வேண்டும் என்றால் ஒரு கல்லை எடுத்துவிடுங்கள், நாலு கல்லுக்குச் சரியாக 256. ஐந்தும் வேண்டும் என்றால் அதே ஷாஃப்டில் இன்னொரு நீர்ச்சக்கரம் சேருங்கள், 512 ஆகிவிடும். இரண்டு சக்கரமும் ஒரே பக்கமாகச் சுற்றும்படி தண்ணீர் விழவேண்டும். எதிரெதிராகச் சுற்றவைத்தால் இணைப்பு உடைந்து கீழே விழும். எங்கள் பட்டறையில் அப்படி ஒன்று நடந்தால் அன்றைக்கு விரல் போகும், இங்கே பொருளை எடுத்துத் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

தங்கத் தகடு, கண்ணாடி, நூல் மூன்றும் இருந்தால் பொறியாளர் கண்ணாடி ஒன்று செய்யலாம். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் சக்கரம் எவ்வளவு பாரம் தாங்கும், கல் எவ்வளவு கேட்கிறது என்று எண்ணாகவே காட்டும். தகட்டுக்கு முதலில் பிரஸ் ஒன்று செய்யவேண்டும். ஆனால் அதற்கு முன்னால் இந்தக் கணக்கைத் தம்பியையே ஒரு தாளில் போடச் சொல்லுங்கள். நான் லைன் ஷாஃப்ட் (தாத்தா பட்டறையில் கூரைக்குக் கீழே ஓடிய அந்த ஷாஃப்ட்) பற்றிப் புத்தகத்தில் படித்தபோது புரியாதது, இதில் புரிந்தது.

இன்னொரு யோசனை, நேரம் இருந்தால். மைன்கிராஃப்டில் மொழி அமைப்பில் தமிழ் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். ஆனால் மாட்களில் பெரும்பாலும் தமிழ் கிடையாது, பொருள்களின் பெயர் ஆங்கிலத்தில்தான் வரும். அந்தப் பெயர்கள் எல்லாம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில்தான் இருக்கின்றன. இடப்பக்கம் உள்ள குறியைத் தொடாமல் வலப்பக்கம் மட்டும் தமிழில் எழுதி, ஒரு ரிசோர்ஸ் பேக்காக (விளையாட்டின் படம், பெயர் போன்றவற்றை மாற்றும் கோப்புக் கட்டாக) போட்டால் விளையாட்டுக்குள் தமிழில் தெரியும். நிரல் எழுதத் தெரிய வேண்டாம். எக்செல் தெரிந்தவருக்கு இது பெரிய வேலையே இல்லை. எழுத்துகள் எல்லா இடத்திலும் அழகாக அமையாது, ஆனாலும் படிக்கலாம். மாட் உலகத்துக்குள் கைவைக்க இதைவிட எளிய வாசல் எனக்குத் தெரியாது.

---

செம்பருத்தி எழுதியது:

இரண்டாவது சக்கரம் வைத்தோம். முதலில் எதிர்ப்பக்கம் சுற்றியது, நீங்கள் சொன்னபடியே உடைந்து விழுந்தது. தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பியதும் ஐந்து கல்லும் ஓடின. கணக்கை அவனே போட்டான். நான் சரிபார்த்தபோது, 'பெரிய பற்சக்கரம் இன்னொன்று வைத்தால் 640 வேண்டும், மூணு சக்கரம் போடணும்' என்று நான் கேட்காமலே சொன்னான். கணக்குப் பாடத்தில் அவனை இப்படி நான் பார்த்ததில்லை.

மொழிக் கோப்பும் தொடங்கிவிட்டோம். நிறைய வரிகள் இருக்கின்றன, இரவில் சாப்பாடு முடிந்து ஒரு நாளைக்குப் பத்து என்று வைத்திருக்கிறோம். மாவரைக்கும் கல்லுக்கு 'திரிகை' என்று என் மாமியார் சொன்னார். அவர் சின்ன வயதில் அரைத்தது அதில்தானாம், திரையில் சுற்றுவதைப் பார்க்க நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நீர்ச்சக்கரம், பற்சக்கரம் வந்துவிட்டன. ஷாஃப்டுக்கு 'தண்டு' என்று போட்டிருக்கிறான்.

பெல்ட்டில் நிற்கிறோம். 'பட்டை' என்கிறான் அவன், எனக்குச் சரியாகப் படவில்லை. தம்பி, உங்கள் பட்டறையில் என்ன சொல்வீர்கள்?

---

பட்டறைக்காரன் எழுதியது:

நாங்கள் பெல்ட் என்றுதான் சொல்கிறோம் அக்கா. என் தாத்தா 'வார்' என்பார். அவர் காலத்தில் அது தோலில் செய்தது. 'வார் நழுவிடுச்சு பாரு' என்று அவர் கத்தினால் நாங்கள் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவோம். தம்பிக்குப் பிடித்திருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள்.